கனடா ஸ்பொன்சருக்குப் பொலிஸ் ரிப்போர்ட் எப்போது எடுப்பது? யாழ்ப்பாணத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச செயலகத்துக்கு எதிரே சின்னதாக ஒரு கொமியூனிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ஸ்கான், ஒன்லைன் படிவம் எல்லாம் உண்டு. ஆவணியிலும் தையிலும் கலியாணங்கள் முடிந்து மாப்பிள்ளைமாரோ பொம்பிளைமாரோ கனடாவுக்குத் திரும்பிப் போன மறுகிழமையே, இங்கே நிற்பவர்கள், அங்கே போனவர் தங்களைக் கூப்பிடப் போடும் ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்கான கோப்பும் கையுமாக வருவார்கள். வருபவர்கள் கேட்பதில் முக்கால்வாசி பொலிஸ் ரிப்போர்ட்டைப் பற்றித்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

நான் சட்டத்தரணி இல்லை. இங்கே உள்ளது பெரும்பாலும் கனடாக் கணக்கு. அவுஸ்திரேலியா, லண்டன் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை. கோப்பு அனுப்பும் நாளில் கனடா குடிவரவுத் திணைக்களத்தின் சரிபார்ப்புப் பட்டியலைப் புதிதாக இறக்கி ஒருமுறை வாசியுங்கள். போன வருசம் இறக்கி வைத்த பிரதியை நம்ப வேண்டாம்.

தம்பி, பொலிஸ் ரிப்போர்ட் எண்டால் எங்கட பொலிஸ் ஸ்டேசனிலை போய் எழுதி வாங்கிற கடிதம்தானே?

இல்லை அம்மா. ஸ்டேசனில் தரும் கடிதமும் கிராம சேவையாளர் தரும் நற்சான்றிதழும் கனடாவுக்குச் செல்லாது. கனடா கேட்பது கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம் வழங்கும் பொலிஸ் கிளியரன்ஸ் சான்றிதழ். பொலிஸ் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பித்து, பணத்தையும் ஒன்லைனிலேயே கட்டலாம். கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. சான்றிதழ் ஆங்கிலத்திலேயே வரும். அதனால் மொழிபெயர்ப்புச் செலவும் இல்லை.

ஸ்டேசனுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அதை ஐந்தாவது கேள்வியில் சொல்கிறேன்.

எழுத்து (விவாகப் பதிவு) முடிஞ்ச கையோட இதையும் எடுத்து வச்சிடலாமோ? பிறகு அந்தரப்படத் தேவையில்லைத்தானே?

எல்லோரும் செய்யும் முதல் பிழை இதுதான். நீங்கள் இப்போது வசிக்கும் நாட்டின் பொலிஸ் சான்றிதழ், கோப்பு அனுப்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆறு மாதத்துக்கு உள்ளே வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். கணக்குக்கு எடுப்பது சான்றிதழில் அச்சாகியிருக்கும் திகதி. நீங்கள் விண்ணப்பித்த திகதியோ தபால்காரர் கொண்டுவந்து தந்த திகதியோ அல்ல.

எழுத்து முடிந்த மறுநாளே கோப்பை அனுப்பப் போகிறீர்கள் என்றால் உடனே எடுக்கலாம். ஆனால் யாரும் அப்படி அனுப்புவதில்லை. விவாகப் பதிவுச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, இரண்டு பேரும் பேசிய வாட்ஸ்அப் பதிவுகள், கலியாணப் படங்கள், அங்கே இருப்பவரின் வரிப் பத்திரம், வேலைக் கடிதம் என்று சேர்க்கச் சேர்க்க நாலைந்து மாதம் போய்விடும். கலியாண அல்பம் வந்து சேரவே மூன்று மாதம் எடுக்கிற ஊர் இது.

அப்ப கணக்கு எப்பிடிப் பாக்கிறது?

பின்னாலிருந்து முன்னுக்கு. முதலில் கோப்பு அனுப்பப் போகும் நாளை ஸ்பொன்சர் செய்பவரோடு பேசி முடிவு செய்யுங்கள். இங்கே ஓட்டமாய் ஓடி எல்லாவற்றையும் எடுத்து வைக்க, அங்கே அவர் வேலைக் கடிதத்துக்கு இரண்டு மாதம் இழுத்தடித்த கோப்புகள் என் மேசையில் நிறையக் கிடந்திருக்கின்றன. நாள் முடிவானதும் அதிலிருந்து ஆறு கிழமை பின்னுக்குப் போங்கள். இலங்கைப் பொலிஸ் ரிப்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியது அந்த நாளில்தான். ஆவணிக் கடைசியில் கலியாணம், மார்கழி 15 அனுப்புவது என்றால் ஐப்பசி முடியும்போது விண்ணப்பியுங்கள். கார்த்திகை நடுவில் ரிப்போர்ட் கைக்கு வந்தால்கூட, அனுப்பும் நாளில் அதற்கு ஒரு மாத வயதுதான் இருக்கும். அனுப்புவது இரண்டு மாதம் பிந்தினாலும் பயமில்லை.

வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கு இது நேர்மாறு. அவற்றைத்தான் எல்லாவற்றுக்கும் முதல் தொடங்க வேண்டும். காரணம் ஏழாவது கேள்வியில்.

இந்தக் கணக்கை நான் படித்தது என் தங்கச்சியின் கோப்பில். அவளுடைய ரிப்போர்ட்டை நானே அவசரப்பட்டு எடுத்துக் கொடுத்து, பெருமையாக பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். கோப்பு அனுப்பிய நாளில் அதற்கு ஆறு மாதமும் ஒன்பது நாளும். முழுக் கோப்பும் ‘குறைபாடுடையது’ என்று திரும்பி வந்தது. ரிப்போர்ட்டைப் புதிதாக எடுத்து, மற்றக் கடதாசிகளையும் புதுப்பித்து, மீண்டும் வரிசையின் கடைசியில் போய் நின்றோம். மச்சான் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து கடையிலுள்ள காலண்டரில் ஒவ்வொரு கோப்பின் ஆறாம் மாத நாளையும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைக்கிறேன்.

எங்கட அக்கா 2017இலை போகேக்கை பிறகுதான் கேட்டவங்கள் எண்டு சொல்லுறா. நீங்கள் முதலே வைக்கச் சொல்லுறியள்?

அக்கா சொல்வது பொய்யில்லை. அவர் காலத்தில் கோப்பை முதலில் அனுப்பிவிட்டு, கேட்ட பிறகு பொலிஸ் ரிப்போர்ட்டையும் இணைப்பு ‘ஏ’ எனப்படும் பின்னணிப் படிவத்தையும் கொடுக்கலாம். 2018 பெப்ரவரியில் அதை மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டும் முதல் நாளே கோப்போடு போக வேண்டும். இல்லாவிட்டால் கோப்பை முழுமையற்றது என்று திருப்பலாம். சொந்தக்காரரிடம் ஆலோசனை கேட்பதில் பிழையில்லை. அவர் எந்த ஆண்டில் போனார் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தினை நாளிலை வரும்? வீட்டை பொலிஸ் வருமோ?

விண்ணப்பம் கொழும்புக்குப் போனதும், நீங்கள் கொடுத்த விலாசம் எந்தப் பொலிஸ் பிரிவுக்குள் வருகிறதோ அந்த ஸ்டேசனுக்கு விசாரணைக்கு அனுப்புவார்கள். கோப்பாயோ சுன்னாகமோ நெல்லியடியோ, அங்கிருந்து பதில் போனால்தான் கொழும்பில் அடுத்த வேலை நடக்கும். மூன்று பிரிவுகளில் இருந்திருந்தால் மூன்று பதில் வேண்டும். இரண்டு வந்து ஒன்று பிந்தினாலும் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். என் அனுபவத்தில் ஒரே விலாசக்காரருக்கு இரண்டு மூன்று கிழமையில் வந்திருக்கிறது. பல விலாசக்காரர் ஒரு மாதத்துக்கு மேலும் காத்திருந்திருக்கிறார்கள். நான் ஆறு கிழமை ஒதுக்கச் சொல்வது அதனால்தான்.

பொலிஸ் வீட்டுக்கும் வரலாம், தொலைபேசியில் கூப்பிடவும் செய்யலாம், ஸ்டேசனுக்கு வரச் சொல்லவும் கூடும். அடையாள அட்டை, பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், கிராம சேவையாளரின் வதிவிடச் சான்று ஆகியவற்றின் பிரதிகளை ஒரு உறையில் தயாராக வைத்திருங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த தொலைபேசி இலக்கம் உங்கள் கையிலுள்ளதாக இருக்கட்டும். ஸ்பொன்சர் செய்பவரின் கனடா இலக்கத்தைக் கொடுத்துவிட்டு “ஒருத்தரும் எடுக்கேல்லை” என்று வந்தவர்கள் உண்டு. அயலட்டை என்ன நினைக்கும் என்று யோசிக்க வேண்டாம். இந்த ஊரில் பொலிஸ் விலாசம் விசாரித்தால் “ஆருக்கு விசா?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.

போன வருசம் கட்டாருக்கு வேலைக்குப் போக எண்டு எடுத்தது ஒண்டு கிடக்கு. அதை வைக்கலாமோ?

வேண்டாம். ஆறு மாதக் கணக்கில் அது ஏற்கெனவே அடிபட்டுப் போயிருக்கும். விண்ணப்பத்தில் எந்த நாட்டுக்கு, எந்தத் தேவைக்கு என்பதைக் கனடாவென்று சரியாகக் குறித்துப் புதிதாக எடுங்கள். இதில் மிச்சம் பிடிக்கும் காசு காசே இல்லை.

மாப்பிள்ளை முந்திக் கட்டாரிலை மூண்டு வருசம் நிண்டவர். அங்கையும் எடுக்கோணுமோ?

எடுக்க வேண்டும். 18 வயதுக்குப் பிறகு தொடர்ச்சியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்றிதழ் வேண்டும். கனடாவிலேயே இருந்த காலத்துக்கு மட்டும் கேட்பதில்லை. கட்டார், துபாய், சவூதி, மலேசியா, படிக்கப் போன லண்டன் எல்லாம் இதற்குள் வரும். ஒரு மாதம் சிங்கப்பூர் சுற்றிவிட்டு வந்ததற்குத் தேவையில்லை.

ஆனால் முன்பு இருந்த நாடுகளுக்கு ஆறு மாத எல்லை கிடையாது. அங்கே கடைசியாக இருந்த காலத்துக்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருந்தால் போதும். அந்த நாட்டுக்குத் திரும்பப் போய் இருக்காத வரை, ஒரு வருசத்துக்கு முந்தியதும் செல்லும். அதனால்தான் வெளிநாட்டுச் சான்றிதழ்களை முதலில் தொடங்கச் சொன்னேன். அவை எடுக்க நாள் செல்லும். கையில் வந்த பிறகு பழுதாகாது. இலங்கைச் சான்றிதழ் கெதியாக வரும், கெதியாகப் பழுதாகும். கிழங்கையும் கீரையையும் ஒரே நாளில் வாங்கி வைக்கிறோமா?

வளைகுடா நாடுகளை விட்டு வந்த பிறகு எடுப்பதென்றால் விரல் அடையாளம், தூதரக முத்திரை, அங்கே இருக்கும் யாராவது ஒருவரின் ஓட்டம் எல்லாம் தேவைப்படலாம். பழைய வதிவிட அட்டையின் பிரதியையும் விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட்டையும் தேடி எடுங்கள். அந்த அட்டை இலக்கம் இல்லாமல் தொடங்குவது பெரும் பாடு. லண்டனில் இருந்தவர்கள் ‘ஏக்ரோ’ என்ற அலுவலகத்தில் ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். மலேசியாவில் அது வெளிவிவகார அமைச்சின் வேலை, அதற்கும் இணையவழி உண்டு. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத சான்றிதழுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

நான் கெட்டிக்காரத்தனமா டோகாவிலையிருந்து வெளிக்கிட முதல் கிழமையே எடுத்துக்கொண்டு வந்திட்டன். அது காணும்தானே?

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மேலே சொன்ன விதியை எழுத்துக்கு எழுத்து வாசித்துப் பாருங்கள். ‘கடைசியாக இருந்த காலத்துக்குப் பிறகு’ வழங்கப்பட்டிருக்க வேண்டும். உங்களுடையது விமானம் ஏறுவதற்கு ஏழு நாள் முன்பு வழங்கப்பட்டது. அந்த ஏழு நாள் அதற்குள் அடங்கவில்லை. சில அதிகாரிகள் பெரிதுபடுத்தமாட்டார்கள், சிலர் புதிது கேட்பார்கள்.

நான் சொல்லும் வழி: கையில் இருப்பதை வையுங்கள், வெளியேறிய திகதி அடித்த பாஸ்போர்ட் பக்கத்தையும் ஒரு பக்க விளக்கக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். புதிதுக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கேட்கும்போது தயாராக இருக்கும். இப்போது அங்கே நிற்பவர்களும் இதை வாசிப்பீர்கள். வெளிக்கிடும் முன் விரல் அடையாளத்தையும் பிரதிகளையும் எடுத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரிடம் தேவையான அதிகாரக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் சின்னனிலை தமிழ்நாட்டிலை முகாமிலை இருந்தனாங்கள். இந்தியாவிலையும் எடுக்கோணுமோ?

18 வயது ஆக முதலே ஊர் திரும்பியிருந்தால் இல்லை. 18-க்குப் பிறகும் ஆறு மாதம் தொடர்ந்து இருந்திருந்தால் வேண்டும். மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ பிறந்து வளர்ந்து, 22 வயதில் திரும்பி வந்த பிள்ளைகளுக்கு இது கட்டாயம். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இலங்கைப் பாஸ்போர்ட்காரர் இந்தியாவில் இருந்த காலத்துக்குச் சான்றிதழ் பெறும் நடைமுறையை அங்கே கேட்டுத் தொடங்குங்கள். முகாம் குடும்ப அட்டை, படித்த பள்ளிக்கூடத்தின் மாற்றுச் சான்றிதழ், திரும்பி வந்தபோது கிடைத்த கடதாசிகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். இதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்க வேண்டும்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எத்தினை வீடு இருந்தம் எண்டே தெரியாது. எல்லா விலாசமும் போடோணுமோ?

பயப்பட வேண்டாம். கனடாவின் இணைப்பு ‘ஏ’ படிவம் கேட்பது கடந்த 10 ஆண்டு விலாசங்களை. இளையவர்களுக்கு 18 வயதிலிருந்து. 1995 வலிகாம இடப்பெயர்வும், 2009இல் செட்டிக்குளம் முகாமில் இருந்ததும் அந்த அட்டவணைக்குள் வராது. ஆனால் கேட்ட 10 ஆண்டுக்குள் ஒரு மாத இடைவெளிகூட விடக்கூடாது. வேலையில்லாமல் வீட்டில் நின்ற காலத்தையும் ‘வேலையில்லை’ என்று எழுத வேண்டும்.

பொலிஸ் விண்ணப்பத்தில் கொடுக்கும் விலாசங்களும் இணைப்பு ‘ஏ’யில் எழுதும் விலாசங்களும் ஒன்றோடொன்று பொருந்தட்டும். ஒன்றில் கொக்குவில், மற்றதில் அதே காலத்துக்கு வவுனியா என்று இருந்தால் கேள்வி வரும். நான் இரண்டு படிவத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் ஒரு பிழையாவது கண்டுபிடிப்பார்கள்.

பாஸ்போர்ட்டிலை ஒரு மாதிரி, ஐசியிலை ஒரு மாதிரி எழுத்து. கலியாணத்துக்குப் பிறகு பேரும் மாத்தப் போறம். எந்தப் பேரிலை எடுக்கிறது?

கோப்போடு போகும் பாஸ்போர்ட்டில் எந்த எழுத்தோ அதே எழுத்து. நம் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். ‘ழ’கரத்துக்கே மூன்று வழி இருக்கிறது. அடையாள அட்டையில் வேறு எழுத்து இருந்தால் ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில் அதையும் எழுதுங்கள், கனடாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள்.

பாஸ்போர்ட் முடியப் போகிறது, அல்லது கணவர் பெயரைச் சேர்த்துப் புதிதாக எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் பாஸ்போர்ட், பிறகுதான் பொலிஸ் ரிப்போர்ட். பழைய பெயரில் ரிப்போர்ட், புதிய பெயரில் பாஸ்போர்ட் என்று இருந்தால் இடையில் ஒரு சத்தியக் கடதாசி தேவைப்படும். பெயர் மாற்றுவது கட்டாயமில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். “மாத்தாட்டில் விசா தரமாட்டாங்கள்” என்று யாரோ ஊரில் கதை பரப்பி வைத்திருக்கிறார்கள்.

ஸ்பொன்சர் பண்ணுறவரும் பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கோணுமோ?

கனடாவுக்கு வேண்டாம். ஆனால் அவருக்குச் சில வன்முறை, பாலியல் குற்றங்களில் தண்டனை இருந்தாலோ, அவர் சிறையில் இருந்தாலோ ஸ்பொன்சர் செய்ய முடியாது. பெண் வீட்டார் இதைக் கலியாணத்துக்கு முதல் விசாரிப்பது நல்லது, கோப்புப் போட்ட பிறகு இல்லை.

கோப்பில் சேர்க்கும் 18 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் தனித்தனியே ரிப்போர்ட் வேண்டும். முதல் தாரத்துப் பிள்ளைகள் இருந்தால் மறக்க வேண்டாம்.

ஹெல்மெட் போடாமல் ஒருக்கா பிடிச்சவங்கள். அது ரிப்போர்ட்டிலை வருமோ?

தபாற்கந்தோரில் தண்டப் பணம் கட்டி முடித்த போக்குவரத்துப் பிழை குற்றத் தீர்ப்பு ஆகாது. அதை நினைத்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம். காணி எல்லைச் சண்டையில் பொலிஸ், ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் அறிக்கை போட்ட வழக்கும் குற்ற வழக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் வேலிக்கு வழக்குப் பேசாத குடும்பம் எங்கே இருக்கிறது!

குடித்துவிட்டு ஓட்டி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டிருந்தால் கதை வேறு. இங்கே அதைத் தண்டம் கட்டினால் முடிந்தது என்று நினைக்கிறோம். கனடா 2018 டிசம்பர் 18 முதல் அந்தக் குற்றத்தின் உச்சத் தண்டனையை 10 ஆண்டாக உயர்த்தியிருக்கிறது. அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது கடும் குற்றம் என்ற வகைக்குள் போய்விட்டது. அப்படி ஒன்று இருந்தால் நீதிமன்றப் பதிவின் பிரதியை எடுத்துக்கொண்டு, கோப்பு அனுப்ப முன்பே கனடாவில் உரிமம் பெற்ற குடிவரவுச் சட்டத்தரணி அல்லது ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள்.

இவர் புனர்வாழ்வு முகாமிலை ஒரு வருசம் இருந்தவர். ரிப்போர்ட் ‘ஒண்டுமில்லை’ எண்டுதான் வந்திருக்கு. அப்ப படிவத்திலை சொல்லத் தேவையில்லைத்தானே?

இதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள், கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து. சுருக்கமான பதில்: சொல்ல வேண்டும்.

பொலிஸ் ரிப்போர்ட் சொல்வது நீதிமன்றத் தீர்ப்பு, வழக்கு பற்றிய பதிவை. 2009-க்குப் பிறகு புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். பெரும்பாலானோருக்கு வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஆகவே ரிப்போர்ட் சுத்தமாகத்தான் வரும். ஆனால் இணைப்பு ‘ஏ’ கேட்பது வேறு: எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா, ஆயுதப் போராட்டம் நடத்திய அமைப்பில் இருந்தீர்களா என்று. இந்தக் கேள்விகளுக்கு 10 ஆண்டு எல்லை கிடையாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு வழக்கில்லாமல் விடுதலையானவர்களுக்கும் இது பொருந்தும்.

இல்லை என்று எழுதிப் பிறகு தெரியவந்தால், கனடா குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு தவறான தகவலுக்கு 5 ஆண்டுத் தடை போடுகிறது. ஆம் என்று எழுதினால் 34ஆம் பிரிவின் கீழ்ப் பாதுகாப்பு விசாரணை வரலாம். புலிகள் இயக்கத்தைக் கனடா 2006 ஏப்ரலில் தடைப்பட்டியலில் சேர்த்தது. கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்டவரா, எந்த வயதில், என்ன வேலை செய்தார் என்பதெல்லாம் அந்த விசாரணையில் முக்கியம். இது கொமியூனிகேசனில் நிரப்பும் படிவம் இல்லை. என்னிடம் வரும் இப்படியான கோப்புகளை நான் தொடுவதில்லை. கனடாவிலுள்ள குடிவரவுச் சட்டத்தரணியிடம் அனுப்பி வைக்கிறேன். காசு கூடத்தான். ஆனால் ‘ஒண்டும் சொல்லாதை, நான் பாக்கிறன்’ என்று சொல்லும் ஏஜென்சிக்காரன் வாங்கும் காசைவிட இது குறைவு.

கோப்புத் திரும்பி வந்திட்டுது. ஒரு கையெழுத்துத்தான் குறை. போட்டுத் திருப்பி அனுப்பினாச் சரிதானே?

கையெழுத்துப் போட முன்பு பொலிஸ் ரிப்போர்ட்டின் திகதியைப் பாருங்கள். திரும்பி வந்த கோப்பு அனுப்பாத கோப்புக்குச் சமம். மறுபடி அனுப்பும் நாளிலிருந்துதான் ஆறு மாதம் எண்ணப்படும். முதலில் அனுப்பியபோது நாலு மாத வயதாக இருந்த ரிப்போர்ட், திரும்பி வந்து சேர்ந்தபோது ஏழு மாதமாகி இருக்கலாம். ஒரு குறையைத் திருத்தி, இன்னொரு குறையோடு அனுப்பி இரண்டாம் முறையும் திரும்பிய குடும்பம் எனக்குத் தெரியும்.

அனுப்பி ஒரு வருசமாச்சு. இப்ப திரும்பவும் பொலிஸ் ரிப்போர்ட் கேட்டுக் கடிதம் வந்திருக்கு. ஏதும் சிக்கலோ?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் இன்னும் இலங்கையில்தான் இருக்கிறீர்கள். பழைய ரிப்போர்ட் எடுத்த பிறகு கழிந்த காலத்துக்கு அவர்களிடம் பதிவில்லை, அதனால் கேட்கிறார்கள். மெடிக்கல்கூட ஒரு வருசத்துக்குத்தான் செல்லும். கடிதத்தில் கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். ஐந்தாவது பதிலில் சொன்ன ஆறு கிழமை அதற்குள் அடங்காவிட்டால், அன்றே விண்ணப்பித்துப் பணம் கட்டிய பற்றுச்சீட்டை ஏற்றி, கால அவகாசம் கேட்டு எழுதுங்கள். மௌனமாக இருப்பதுதான் ஆபத்து.

கேட்காமலே மாதத்துக்கு ஒன்று எடுத்து அனுப்ப வேண்டாம். அப்படியும் ஒரு அம்மா அனுப்பிக்கொண்டிருந்தார்.

மகள் விசிட்டிலை கனடா போயிட்டா. அங்கை நிண்டே போடப் போகினம். இப்ப எப்பிடி?

அவர் இப்போது வசிக்கும் நாடு கனடா. கனடாச் சான்றிதழ் கேட்பதில்லை என்று ஏழாவது பதிலில் சொன்னேன். இலங்கை அவருக்கு ‘முன்பு இருந்த நாடு’ ஆகிவிட்டது. ஆகவே ஆறு மாத எல்லை போய், ‘வெளிக்கிட்ட பிறகு வழங்கப்பட்டது’ என்ற விதி வருகிறது. போக முன்பு இங்கே எடுத்துக் கொடுத்துவிட்ட ரிப்போர்ட் டோகாக்காரரின் கதைதான். அங்கிருந்தே ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். ரொறன்ரோவில் இலங்கைத் துணைத் தூதரகமும், ஒட்டாவாவில் உயர் ஸ்தானிகராலயமும் இருக்கின்றன.

அவுஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் இதே கணக்கோ?

இல்லை, கலக்க வேண்டாம். அவுஸ்திரேலியா கேட்பது 16 வயதுக்குப் பிறகு, கடந்த 10 ஆண்டில் மொத்தமாக 12 மாதம் இருந்த நாடுகளை. தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டியதில்லை, நாட்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். சான்றிதழை 12 மாதத்துக்கு ஏற்றுக்கொள்வார்கள். அங்கே ஸ்பொன்சர் செய்பவரும் பொலிஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். விசா கிடைத்த பிறகு முதல் தடவை நுழைய வேண்டிய கடைசி நாளையும் பெரும்பாலும் பொலிஸ், மெடிக்கல் திகதிகளை வைத்தே போடுவார்கள். அதனால் அங்கேயும் மிக முந்தி எடுப்பது நட்டம்.

லண்டனுக்குக் கணவன் மனைவி விசாவில் போகிறவர்களிடம் பொலிஸ் சான்றிதழ் கேட்பதில்லை. இலங்கையில் இருப்பவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ்தான் வேண்டும். அதற்கு ஆறு மாத ஆயுள்.

எல்லாம் சரி. நாளைக்கு அனுப்போணும், கட்டார் ரிப்போர்ட் மட்டும் இன்னும் வரேல்லை. கடிதம் எழுதி வச்சு அனுப்பலாமோ?

நாளைக்கே ஏன் அனுப்ப வேண்டும் என்பதை முதலில் கேட்பேன். பலர் சொல்லும் காரணம் நல்ல நாள். நல்ல நாள் அடுத்த கிழமையும் வரும்.

உண்மையிலேயே காத்திருக்க முடியாத நிலை என்றால், எப்போது விண்ணப்பித்தீர்கள், யார் மூலம், இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, பற்றுச்சீட்டு, கூரியர் சீட்டு, தூதரகம் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பலாம். ஏற்றுக்கொண்டதையும் கண்டிருக்கிறேன், திருப்பியதையும் கண்டிருக்கிறேன். ஆதாரமில்லாத வெறும் கடிதம் ஏற்கப்பட்டதை நான் காணவில்லை. இலங்கை ரிப்போர்ட்டுக்கு இந்த வழி சரிவராது. இங்கே எடுக்க முடிகிற சான்றிதழை ஏன் எடுக்கவில்லை என்பதற்கு எழுதப் பதிலே இல்லை.

அனுப்புகிற நாளில் அசலைக் கலரில் ஸ்கான் செய்யுங்கள். பின்பக்கத்தில் முத்திரை இருந்தால் அதையும். போனில் படம் எடுத்து, மேசை விரிப்பின் பூவும் சேர்ந்து விழுந்ததையெல்லாம் கொண்டுவராதீர்கள். அந்தப் பூவை வெட்டிக் கொடுத்தே எனக்குக் கை நோகிறது.